ஞாயிற்றுக்கிழமை வலிக்காத தலை

மகன் சாலமோனுக்கு உன் அம்மா எழுதுகிறேன். முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் அக்காள் மகன் தானியேல் ஸ்கூல் பைனலை ஒரே தடவையில் தாண்டிவிட்டான். மேலத்தெரு உபாத்தியாயர் மகன் மூன்றாம் தடவையும் எழுதிவிட்டு, கேள்வித்தாள் கடினம் என்று தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்; அதே கேள்வித்தாள்தான் நம் பையனுக்கும். தானியேலின் தங்கை லில்லிக்குப் பாளையங்கோட்டையில் உபாத்திமைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. இந்தத் தெருவில் அந்தப் படிப்புக்குப் போகிற முதல் பெண் அவள்தான். இரண்டாவது பெண் யாரென்று இதுவரை தெரியவில்லை. கடைக்குட்டி ஜேக்கப் கோவில் ஆண்டு விழாவில் வேதத்தில் ஒரு அதிகாரம் முழுவதையும் புத்தகம் பாராமல் சொன்னான். நடுவில் ஒரு வரி விட்டுப்போனதைக் குருவானவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், வீட்டுக்கு வந்து திருத்திவிட்டேன். உன் மகள் ஏழாம் மாதத்தில் கை ஊன்றாமல் உட்காருகிறாள். கீழே இரண்டு பல். பக்கத்து வீட்டு ராஜு அம்மாளின் பேத்திக்கு ஒன்பது மாதமாகியும் தலையணைகளுக்கு நடுவில்தான் குடித்தனம். இப்படி எல்லோரும் ஒவ்வொன்றாகச் சாதித்திருக்கும்போது நீ மட்டும் சும்மா இருக்கலாமா? சர்வே ஆபீசில் மேப் வரைகிற உத்தியோகஸ்தன், இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, நீயும் ஒன்று சாதித்திருக்கிறாய். அது தலைவலி.

உன் கடிதம் நாலு பக்கம். அதை நான் மூன்று தடவை வாசித்தேன், பொருள் விளங்காமல் அல்ல, வரிகள் எல்லாம் வலது பக்கம் போகப்போக மேலே ஏறிக்கொண்டே போகிறதால். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் வரி இன்னும் நூல் பிடித்தது போல் நிற்கும். இடது புருவத்துக்கு மேல் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாற்போல் இருக்கிறது என்றும், அந்தப் பக்கத்து மண்டையே ஈயக்குண்டு போல் கனக்கிறது என்றும், வாரத்தில் நாலு நாள் ஐந்து நாள் இதே பாடு என்றும் எழுதியிருக்கிறாய். வலியைப் பற்றி நான் கேலி செய்யவில்லை. வலி வலிதான். ஆனால் அதற்கு நீ கண்டுபிடித்திருக்கிற காரணங்கள் இருக்கிறதே, அவற்றைப் படித்துவிட்டு, இவனையா பத்து மாதம் சுமந்தேன் என்று கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் காரணம் பட்டணத்துத் தண்ணீர். பட்டணத்தில் லட்சம் பேர் அதே தண்ணீரைக் குடிக்கிறார்கள், எல்லோரும் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டா நடக்கிறார்கள்? இரண்டாவது காரணம் கண்ணேறு, அதற்காக யாரோ சொன்னான் என்று இடது கையில் தாயத்துக் கட்டியிருக்கிறாய். உன் பாட்டையா நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். செண்பகத்தோப்பு வரை நடந்து போய் ஜெபம் நடத்திவிட்டு வந்தவர். அவர் பேரன் கையில் தாயத்து. சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டுதானே கோவிலுக்குப் போகிறாய்? போ. மறைக்கிற வித்தையில் நம் வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது காரணத்தைத்தான் நீ கடைசிப் பக்கத்தில், மையை மெலிதாக்கி, எழுதியும் எழுதாமலும் எழுதியிருக்கிறாய். பாக்கியம் வந்த நாளிலிருந்துதான் இந்த வலி, கலியாணத்துக்கு முன் மதுரையில் வேலை பார்த்தபோது ஒரு நாளும் வலித்ததில்லை, ஆகவே தலை சுகமாகும்வரை அவள் ஊரிலேயே இருக்கட்டும் என்று. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்டாட்டியைப் பிள்ளை பிறந்தபின் நீ அழைத்துக்கொள்ளவில்லை, மூன்றாம் மாதம் நானாகப் போய்ச் செட்டியார்பட்டியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் வைத்திருக்கிறேன். அவள் உன் வீட்டை விட்டு வந்து ஒன்பது மாதம் ஆகிறது. இந்த ஒன்பது மாதமும் உனக்குத் தலை வலிக்கிறதே, அவள் என்ன தலைவலியைத் தபாலிலா அனுப்பிக்கொண்டிருக்கிறாள்? கணக்குப் படித்தவன், மேப் வரைகிறவன், இவ்வளவுகூடக் கூட்டிக்கழித்துப் பார்க்கத் தெரியவில்லை.

உன் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. ஆனால் தலைவலி என்று ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான், தெருவே வைத்தியராகிவிட்டது. ராஜு அம்மாள் வேலிக்கு மேலே எட்டிப்பார்த்து, "தலநொப்பியா? பித்தம் அக்கா, எலுமிச்சங்காய அறுத்துத் தேய்க்கச் சொல்லுங்க" என்றாள். அவள் வீட்டில் கால் சுளுக்குக்கும் எலுமிச்சங்காய்தான். சந்தைக்கடை ராவுத்தர், "நீர்க்கோவை, ஆச்சி. மாத்திரைய உரசிப் பத்துப் போட்டா மூணே நாள்" என்றார், நாலாம் நாள் என்ன ஆகும் என்று கேட்டேன், வேறு மாத்திரை இருக்கிறது என்றார். உன் சித்தப்பா கெட்ட இரத்தம், அட்டை விடவேண்டும் என்றார். அவர் வாழ்நாளில் தீர்த்துவைத்த நோய் ஒன்றும் இல்லை, ஆகவே எல்லாவற்றுக்கும் அவரிடம் மருந்து உண்டு. பெண்கள் சங்கத்தில் ஒருத்தி மட்டும், உட்கார்ந்து கொண்டிருந்த பாக்கியத்தைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "ஈரத்தலையோட வீட்டுக்குள்ள நடமாடுற பொம்பளைக இருந்தா ஆம்பளைகளுக்கு இந்த வலி வருமாம்" என்றாள். நான், "அப்படின்னா ஒன் புருசன் பொழச்சான். நீதான் வாரத்துக்கு ஒருக்கக் கூடக் குளிக்க மாட்டியே" என்றேன். அன்றைக்கு ஜெபம் சீக்கிரம் முடிந்தது.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற லேடி டாக்டரிடம் கேட்டுவிடுவது என்று பஸ் ஏறினேன். குடையும் பையும் எடுத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமென்று பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டேன். குடை பிடிக்க மட்டும்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்பதை நீ கவனித்து வாசிக்க வேண்டும். ஏனென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் என் பெருமை ஒவ்வொன்றாகக் கழன்று விழ ஆரம்பித்தது.

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துப் பெண், சின்ன வயசு, சிரித்த முகம். "நோயாளி யாரு? நீங்களா, இந்தப் பிள்ளையா?" என்று கேட்டாள்.

"என் மகன். பட்டணத்துல இருக்கான். காயிதத்தக் கொண்டாந்திருக்கேன்."

"காயிதத்துக்கு நாடி பாக்கத் தெரியாதே, ஆச்சி. சரி, சொல்லுங்க. எந்தப் பக்கம் வலிக்கு?"

"ஒரு பக்கம்."

"எந்த ஒரு பக்கம்?"

உன் கடிதத்தைப் புரட்டினேன். பெற்றவளுக்குத் தெரியவில்லை, காகிதத்தில் தேடுகிறேன். பின்னால் குடையோடு நின்றவள் பதில் சொன்னாள்: "எடது பக்கம், டாக்டரம்மா. புருவத்துக்கு மேல ஆரம்பிச்சுக் காதுக்கு மேல வரைக்கும்."

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு அவளைப் பார்க்க ஆரம்பித்தாள். "விடியக்காலையிலேயே இருக்குமா, பொறவு வருமா?"

"எந்திரிக்கையில இருக்காது. ஆபீசுல பதினோரு மணிக்கு மேல புடிச்சுக்கிடும்னு சொல்லுவாக. வீட்டுக்கு வரையில ஒத்தக் கண்ண மூடிக்கிட்டே வருவாக."

"வாந்தி உண்டா? வெளிச்சம் ஆகாம இருட்டுக்குள்ள போய்ப் படுத்துக்குவாரா? வலி வாரதுக்கு முந்திக் கண்ணு முன்னால மின்னுறாப்புல ஏதாச்சும்?"

"அதெல்லாம் இல்ல. வெளிச்சம் வேணும்பாக. வெளக்க எம்புட்டுத் தூண்டினாலும் பத்தலம்பாக."

"மூக்கடைப்பு? குனிஞ்சா மண்டையில கனம்? பல்லு வலி?"

"சளி கிடையாது. பல்லு நல்லாத்தான் இருக்கு, முறுக்கெல்லாம் அவியதான் மொதல்ல காலி பண்ணுவாக."

"காப்பி நேரம் தப்புமா? சாப்பாடு?"

"ரெண்டுந் தப்பாது. நான் தப்பவிட மாட்டேன்."

"என்னைக்காச்சும் வலிக்காம இருந்தது உண்டா?"

பாக்கியம் விரல் விட்டு எண்ணினாள். "ஞாயித்துக்கிழம வலிக்காது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தப்பம் பத்து நாளும் வலிக்கல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "வேலை என்ன? மேப் வரையறதா? கண்ணாடி போடுறவரா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் பாக்கியம் வாயைத் திறக்கவில்லை. குடைக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகவே நான்தான் சொன்னேன், நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னேன்: "எங்க வம்சத்துல யாரும் கண்ணாடி போட்டது கிடையாது."

"அப்ப நான் இங்க இருந்துக்கிட்டு ஒண்ணுஞ் சொல்லறதுக்கில்ல. நேர்ல ஒரு டாக்டர்ட்டக் காட்டச் சொல்லுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் பாக்கியம் குடையை விரிக்கவில்லை. "அத்தை, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கிடக் கூடாது" என்றாள். "அவிய பெட்டியில, அடியில, உங்க சேலைக் கிழிசல்ல சுத்தி ஒரு கண்ணாடி இருந்துச்சு. கலியாணத்துக்கு நாலாம் நாள் வேட்டி எடுக்கப் போனப்பம் பாத்தேன். அதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு சம்சயம். கோவில்ல ரிஜிஸ்தர்ல எங்க அய்யா கையெழுத்துப் போட வேண்டிய எடத்துல அவிய போட்டாகல்ல, அன்னைக்கே."

"பாத்துட்டு ஏன்டி கேக்கல?"

"சேலைக் கிழிசல் உங்களதுன்னு தெரிஞ்சிச்சு. பெரியவுக மறைச்சு வச்சத நான் எப்படி அத்தை கேக்க?"

சாலமோன், அறுபது வயதுக்கு மேல் ஒருத்திக்குச் செருப்படி இப்படித்தான் விழ வேண்டும், மெதுவாக, மரியாதையாக, வேப்பமரத்து நிழலில். நான் யாரையெல்லாம் முட்டாள் என்று எண்ணி முப்பது வருஷம் இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேனோ, அவர்கள் எல்லோரையும்விடப் பெரிய முட்டாள் என் சேலையையே உடுத்திக்கொண்டு நடந்திருக்கிறாள். அதை உனக்கு ஒழுங்காக, வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் உனக்குப் பாதிதான் தெரியும்.

உனக்குப் பதினாலு வயதில், நீ புத்தகத்தைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து வாசிக்கிறாய் என்று உன் வாத்தியார் சொல்லி, உன் அப்பா உன்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வலது கண் நன்றாக இருக்கிறது, இடது கண் மட்டும் மந்தம் என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்தார்கள். நீ அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றதும் நான் சொன்ன முதல் வார்த்தை உனக்கு ஞாபகம் இருக்கும்: "கழத்து, தெருவுல யாரும் பாத்தாகளா?" உன் அப்பாவுக்கு அன்று வந்த கோபம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை. அவர் இருந்தவரை நீ போட்டுக்கொண்டாய், மதுரையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் தினம் போட்டுக்கொண்டாய். அவர் போன பிறகு உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தேன். தளவாய்புரத்திலிருந்து வந்தவர்கள், நல்ல குடும்பம், எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் பெண்ணின் அத்தை உன்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருவத்தஞ்சு வயசுலயே மூக்குல கண்ணாடின்னா நாப்பதுல கோலப் புடிச்சுல்ல கூட்டிட்டுப் போவணும்" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். மறுவாரம் சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். அந்தச் சிரிப்பு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துப்போனது.

அதனால் செட்டியார்பட்டிச் சம்பந்தம் வந்தபோது, உன்னைக் கண்ணாடி இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் போட்டோ பிடிக்கிறவனிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு அவன் "என் விரலைப் பாருங்க தம்பி, விரலைப் பாருங்க" என்று கத்துகிறான், நீ விரல் எங்கே என்று தேடுகிறாய். அந்தப் படம் வந்தது. தூரத்து மலையைப் பார்க்கிற ராஜா மாதிரி இருக்கிறது என்று உன் மாமனார் வீட்டில் மெச்சினார்கள். தேடின முகத்துக்குக் கம்பீரம் என்று பெயர் வைத்தார்கள், நானும் ஆமாம் என்றேன். அந்தப் படம் இன்னும் என் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது, இதை எழுதும்போதும் என்னைத் தவிர வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிறகு கோவிலில் கலியாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு. மூன்று ஞாயிறும் குருவானவர் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லி, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். அந்த நிறுத்தம் எவ்வளவு நீளம் என்று எனக்குத்தான் தெரியும். கண்ணாடி ஒரு தடை அல்ல, அது எனக்கும் தெரியும். எந்தக் குருவானவரும் அதற்காகக் கலியாணத்தை நிறுத்த மாட்டார். ஆனால் என் சுருக்குப்பைக்குள் அந்தக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, பையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேனே, அதற்கு என்ன பெயர்? கலியாணத்தன்று நீ மாமனார் கையெழுத்துப் போடவேண்டிய வரியில் உன் பெயரைப் போட்டாய். குருவானவர் அதை அடித்து மறுபடி எழுதச் சொன்னார். பின் வரிசையில் முணுமுணுப்பு. நான் உடனே "பேனா சரியில்ல, மை பரவுது" என்றேன். பேனா உன் மாமனாருடையது. அவர் பாவம், பேனாவைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

அன்று இரவே உன் கையில் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன், என் பழஞ்சேலைக் கிழிசலில் சுற்றி. போட்டுக்கொள் என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதலாம், அது பொய். சொல்ல வெட்கப்பட்டேன். மூன்று மாதத்தில் பாக்கியத்தின் தாய்மாமன் உனக்குப் பட்டணத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார், அவர் பக்கத்து மேஜையில் உட்காருகிறார். ஆகவே வீட்டில் பெண்டாட்டி முன்னால் போட முடியாது, ஆபீசில் மாமன் முன்னால் போட முடியாது. மதுரையில் தினம் கண்ணாடி போட்டு வரைந்தவன், பட்டணத்தில் மந்தக்கண்ணை வைத்துக்கொண்டு மயிர் அகலத்துக் கோடு இழுக்கிறாய். கலியாணத்துக்குப் பிறகுதான் வலி வந்தது என்று எழுதினாயே, உன் கடிதத்தில் உண்மையான வரி அது ஒன்றுதான். காரணத்தை மட்டும் ஆள் மாற்றிப் போட்டுவிட்டாய், கையெழுத்தை வரி மாற்றிப் போட்ட மாதிரி.

நான் வேப்பமரத்தடியிலிருந்து திரும்பி உள்ளே போனேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். நான் அவர்கள் எல்லோருக்கும் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து, என் முறை வந்ததும், "கொஞ்சம் முந்தி ஒரு பொய் சொன்னேன் டாக்டரம்மா" என்று ஆரம்பித்தேன். அவள் சிரிக்கவில்லை, அதற்காக அவள்மேல் எனக்கு மரியாதை. "ஒரு கண்ணு நல்லாப் பாக்கு, இன்னொண்ணு பாக்கல. அதோட நாளெல்லாம் நுணுக்கமான வேலை செஞ்சா, அந்தப் பக்கமே இழுத்துப் புடிச்சு வலிக்கலாம். ஞாயித்துக்கிழம வலிக்கலங்கறதால கண்ணத்தான் மொதல்ல சந்தேகப்படுவேன்" என்றாள். ஆனால் கண்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றாள். சத்தியம் செய்யாத வைத்தியரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் சொன்னதை நான் பஸ்ஸிலேயே பென்சிலால் குறித்துக்கொண்டேன். ஒரு பக்கத்து வலிக்கு ஒரே ஒரு காரணம் என்பது கிடையாது. சிலருக்கு அது நரம்பின் சுபாவம், அப்பா அம்மா வழியாக வருவது. வாந்தி வரும், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, இருட்டில் படுத்தால்தான் அடங்கும். சிலருக்கு மூக்கை ஒட்டிய எலும்பறையில் சளி கட்டி, குனிந்தால் கனக்கும். சிலருக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, பல்லை விட்டுவிட்டு நெற்றியில் வலிக்கும். கழுத்தைக் கோணலாக வைத்து வேலை செய்தால் பிடரியிலிருந்து ஏறி வரும், நீ அப்படித்தான் உட்காருகிறாய் என்று உன் பெண்டாட்டி சொல்கிறாள். பட்டினி, தூக்கக்குறைவு, தினம் குடிக்கிற காப்பியைத் திடீரென்று நிறுத்துவது, இவையும் செய்யும். வலிக்கு வலி மாத்திரை விழுங்கிக்கொண்டே இருந்தால் அதுவே பிறகு வலியை வரவழைக்கும் என்றாள். ஆகவே மேஜை டிராயரில் இருப்பதாக நீ எழுதியிருக்கிற மாத்திரைப் புட்டியை நீயே எண்ணிப்பார்த்து வெட்கப்படு. இன்னொன்றையும் அவள் விரலை நீட்டிச் சொன்னாள். இடி விழுந்தாற்போல் ஒரேயடியாக வலி வந்தாலோ, வலியோடு காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தாலோ, வாய் குழறினாலோ, கைகால் ஒரு பக்கம் சோர்ந்தாலோ, பார்வை மங்கிப் போனாலோ, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி ஒன்று வந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டு உட்காராதே. எலுமிச்சங்காய், அட்டை, தாயத்து, பெண்டாட்டியின் ஈரத்தலை, இவை ஒன்றும் அவள் சொன்னதில் இல்லை.

இனி நான் நினைப்பதைச் சொல்கிறேன். பாக்கியம் பிரசவத்துக்குப் புறப்பட்ட அன்று உன் பெட்டியை அடுக்கிவைத்தாள். அப்போது அந்தக் கண்ணாடியைக் கிழிசலிலிருந்து அவிழ்த்து, துடைத்து, மடித்த சட்டைகளுக்கு மேலே, திறந்ததும் கண்ணில் படுகிறாற்போல் வைத்துவிட்டு வந்தாளாம். "நான் இல்லாத நேரத்துலயாச்சும் போட்டுக்கிடட்டும்னு வச்சேன், அத்தை. எனக்குத் தெரியும்னும், எனக்கு அது ஒரு கொறை இல்லன்னும் வாயால சொல்லத் தெரியல, அதான் மேல வச்சேன்" என்றாள். நீ என்ன செய்தாய்? அதைப் பார்த்ததும் பிடிபட்ட திருடன் போல் ஆகிவிட்டாய். அவள் குத்திக்காட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டாய். அவள் திரும்பி வந்தால் எந்த முகத்தோடு பார்ப்பது என்ற பயம். அந்தப் பயத்துக்குத் தலைவலி என்று பெயர் வைத்து, அதை அவள் தலையில் கட்டி, ஒன்பது மாதமாக அவளை ஊரில் நிறுத்தியிருக்கிறாய். இல்லை என்று எழுதாதே. உன் அம்மா நான், இந்த வகைக் கோழைத்தனம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பாவிடமிருந்து வரவில்லை.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று நீ சொல்லலாம். உண்மை. ஆனால் யோக்கியதை உள்ளவர்கள் எல்லோரும் உன்னிடம் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் உனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. உன் மாமனார் மட்டும் மரியாதையை நிறுத்திவிட்டார். போன வாரம் வந்து, காப்பியைக் கையில் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "எம் பொண்ணாலதான் மாப்பிள்ளைக்குத் தலை வலிக்குதுன்னா அவ எங்க வீட்லயே இருந்துட்டுப் போறா. அங்க யாருக்கும் தலை வலிக்கல" என்றார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், வண்டி கொண்டு வருகிறார். அவர் மகளை எனக்குத் தெரியும். சத்தம் போடாது, அழாது. ஒரு தடவை வண்டி ஏறிவிட்டால், பிறகு நீ செட்டியார்பட்டியில் முழங்கால் போட்டாலும் திரும்பாது. உன் மகள் அந்த வீட்டில் நடக்கப் பழகுவாள், நான் எல்லா ஊர்ப் பிள்ளைகளின் சாமர்த்தியத்தையும் எழுதுவேன், அவள் முதல் அடி வைத்ததை மட்டும் யாரிடமோ கேட்டு எழுதுவேன்.

ஆகவே கேள். முதலில் அந்தத் தாயத்தை அறுத்து எறி. நாளைக்கே கண் டாக்டரிடம் போ, பழைய கண்ணாடி இப்போது சரியாக இருக்காது, புதிதாகப் பார்த்து வாங்கு. அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய், மாமன் மேஜைக்கு முன்னால் நின்று, காலை வணக்கம் சொல். அவர் என்ன கேட்டாலும், என் அம்மா மறைக்கச் சொன்னாள் என்று சொல்லிவிடு, நான் இங்கே தாங்கிக்கொள்வேன். கண்ணாடி போட்டு மூன்று வாரம் கழித்தும் வலித்தால் பல்லைக் காட்டு, மூக்கைக் காட்டு, ஒவ்வொன்றாகக் காட்டு. பாக்கியத்துக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. நாலு பக்கம் வேண்டாம், உன் நாலு பக்கம் எங்களுக்குப் போதும். கண்ணாடியை மேலே வைத்ததைப் பார்த்தேன் என்று ஒரு வரி, புறப்பட்டு வா என்று ஒரு வரி.

வண்டி வருகிற அன்று உன் மாமனாரிடம் பேனாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் நான் சொல்லப்போகிறேன். வாய்ச்சொல்லை அவர் இனி நம்ப மாட்டார்; நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். நேற்று இதை எழுத ஆரம்பித்தபோது சுவரில் இருந்த பழைய படத்தை இன்று காலை கழற்றிவிட்டேன். பாக்கியம் ஆணியை மட்டும் பிடுங்காமல் விடச் சொன்னாள். அதனால் நீ கண்ணாடியை மூக்கில் போட்டுக்கொண்டு, தலையைச் சாய்க்காமல், விரலை நேராகப் பார்த்து, புதிதாக ஒரு போட்டோ எடுத்து, முதல் ஞாயிற்றுக்கு முன் என் கைக்குக் கிடைக்கும்படி தபாலில் அனுப்பு.